ஸ்டீபன் நெஞ்சில் வைத்த காந்தம்

கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு சின்னப் பெண், காந்தத்தை வைத்துத் தன் அப்பாவின் நெஞ்சுக்குள் இருந்த இரும்பை வெளியே இழுத்துவிட்டாளாம். ஊத்துக்கோட்டை பஸ்ஸில் ஒருவர் சொன்னார். எவ்வளவு இரும்பு என்று கேட்டேன். "ஒரு கைப்புடி" என்றார். அடுத்த நிறுத்தத்துக்குள் பின் சீட்டில் அது அரைக் கிலோ ஆகியிருந்தது. இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தால் ஒரு கிரில் கேட்டே தேறியிருக்கும். நேரில் பார்த்துவிடலாம் என்று போனேன்.

உருக்காலைக்குப் பின்னால் இருக்கும் லைன் வீடுகளில் நான் விசாரித்தவர்கள் எல்லாம் கன்னியம்மா வீட்டைத்தான் கை காட்டினார்கள். ஷீட் போட்ட ஒரே அறை. கன்னியம்மா முன்பு நடவுக்குப் போனவர். நிலம் பிளாட்டானதும் ஒரு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவினார். முழங்கால் மடங்க மறுத்ததும், ஷிப்டுக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தார். துணைக்கு ஒரு டிவி.

கார்ட்டூன் போட்டால் பிள்ளைகள் ஒருவரையொருவர் உதைத்துக்கொண்டார்கள். விஞ்ஞானம் போட்டால் தூங்கிவிடுவார்கள் என்று நினைத்து அதைப் போட்டார். பெரியவர்களின் அனுபவத்தை வைத்துப் பார்த்தால் சரியான யோசனைதான். பிள்ளைகள் தூங்கவில்லை. மஞ்சள் கோட்டு போட்ட ஒருவன் திரையில் வந்து, "முட்டை ஏன் மிதக்குது, சொல்லுங்க?" என்று காதில் கை வைத்துக் காத்திருப்பான். யாரும் வாய் திறக்காவிட்டாலும், "சபாஷ்! சரியாச் சொன்னீங்க!" என்பான். மக்கள் பேச்சை இவ்வளவு கவனமாகக் கேட்பவர்களைத் தேர்தல் நேரத்தில்தான் பார்க்க முடியும்.

கடைசியில் தினமும் ஒன்று சொல்வான்: "பக்கத்துல இருக்கிற பெரியவங்களோட சேந்து செஞ்சு பாருங்க."

"இந்த ரூம்ல பெரியவங்கன்னா நான்தானே? என்னியதான் சொல்றான்னு செஞ்சேன்" என்றார் கன்னியம்மா. உப்புத் தண்ணீரில் முட்டை மிதந்தது. தட்டில் வைத்த ஐஸ் காணாமல் போனது. டிவி பார்த்துக் குழந்தைகள் கற்றுக்கொள்ளுமா என்று படித்தவர்கள் மேடை போட்டு விவாதிக்கிறார்கள். இந்த அறையில் அதற்கு விடை கிடைத்துவிட்டது. முட்டை வாங்கிய நாளில் கற்றுக்கொண்டன. வாங்காத நாளில் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தன.

அப்புறம் காந்தம் வந்தது. காந்தத்தை மண்ணில் இழுத்துப் பாருங்கள் என்று மஞ்சள் கோட்டு சொல்ல, கன்னியம்மா மைக்செட் கடை மோசஸிடம் போய், உடைந்த ஸ்பீக்கரிலிருந்து ஒன்றை இரவல் வாங்கி வந்தார். "ஒரே நாள் நைனா, நாளைக்கே குடுத்துர்றேன்."

மண்ணுக்குப் போகவே தேவைப்படவில்லை. ஜன்னல் கட்டையிலேயே கறுப்பு மயிர் முளைத்த மாதிரி தூள் ஒட்டிக்கொண்டு வந்தது. "ஒரு எடத்துல பார்த்தா போதாது, வேற எடத்துலயும் பாருங்க" என்றான் டிவிக்காரன். ஸ்டீபனின் மகள் சோனியா பார்த்தாள். பாயில் வந்தது. குடத்து மூடியில் வந்தது. கன்னியம்மாவின் தலைமுடியில்கூட வந்தது.

சாயங்காலம் ஸ்டீபன் உருக்காலையிலிருந்து நேராக மகளைக் கூட்டிப்போக வந்தார். வாசற்படியில் உட்கார்ந்து இருமினார். சோனியா காந்தத்தை அவர் சட்டை மேல் நெஞ்சில் வைத்து எடுத்தாள். கொத்தாக வந்தது.

"அப்பா, உன் இருமல் வெளிய வந்துச்சி பாரு!"

ஸ்டீபன் சிரித்தார். குழாயடியில் நின்ற கெங்கம்மாள் சிரிக்கவில்லை. குடத்தை வைத்துவிட்டு ஓடினார். மறுநாள் காலை கன்னியம்மா வீட்டு வாசலில் ஆம்பிளைகள் சட்டைப் பட்டனைக் கழற்றிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். ஒருவர் மூட்டுவலிக்கு.

"இன்னாய்யா பேஜாரு இது? மார காட்டிக்கினு நிக்கிறீங்க! அது சட்டைல கீற தூசிய்யா! ஊட்டுக்குப் போய்த் தொவைங்க!" என்று விரட்டினார் கன்னியம்மா.

வரிசை கலைந்தது. செய்தி கலையாமல் உருக்காலை கேட் வரைக்கும் போனது. அங்கே ஸ்டீபன் கான்ட்ராக்ட் ஆள். இருமுகிற கான்ட்ராக்ட் ஆளுக்கு கேட் கார்டு நிலைக்காது என்பதால், கிரேன் சைரன் அடிக்கும்போது மட்டும் இருமப் பழகியிருந்தார். அன்று சூப்பர்வைசர் ரகு கார்டை வாங்கி வைத்துக்கொண்டார். "நெஞ்சுல இரும்பு கீதாமே ஸ்டீபன்? ரெஸ்ட் எடு."

அந்தக் கார்டை வாங்கித் தருவது தன் பொறுப்பு என்று கன்னியம்மா காந்தத்தோடு கேட்டுக்குப் போனார். டிவிக்காரன் சொன்ன முறைப்படியே போனார். அதுதான் வினை.

"சார், உள்ள இருந்து ஒண்ணும் வர்ல சார். எல்லாம் மேல் தூசி. பாருங்க." தன் முந்தானையில் வைத்தார்; வந்தது. வாட்ச்மேன் தொப்பியில் வைத்தார், வந்தது. சந்தோஷத்தில் ரகுவின் வெள்ளைச் சட்டையிலும் வைத்தார். அங்கேதான் நன்றாகத் தெரிந்தது.

ரகு குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். "அப்ப எனக்கும் கீதுன்றியா?"

"எல்லாருக்கும் கீது சார். அதான் சொல்ல வந்தேன்."

ரகு கைக்குட்டையால் தட்டிக்கொண்டார். இந்த அம்மாவை இனி கேட் பக்கம் விடாதே என்று வாட்ச்மேனிடம் சொன்னார். மறுநாளிலிருந்து அவர் கருநீலச் சட்டையில் வருவதாகக் கேள்வி. கார்டு வரவில்லை.

இப்போது ஸ்டீபன் பகலிலும் வீட்டில் படுத்திருக்கிறார். அவர் மனைவி மோனிகா பேக்கிங் வேலைக்குப் போகிறார். "உன் டிவியத் தூக்கி ஏரில போடுக்கா" என்று வாசலில் நின்று கத்திவிட்டு, மகளை அங்கேயேதான் விட்டுப் போகிறார். வேறு எங்கே விடுவார்?

சோனியா தினமும் காந்தத்தை வீட்டுக்குக் கொண்டுபோகிறாள். அப்பா தூங்கும்போது நெஞ்சில் வைத்துப் பார்க்கிறாள். வேலைக்குப் போகாத சட்டை, துவைத்த சட்டை. ஒன்றும் ஒட்டுவதில்லை.

நான் போயிருந்த அன்று டிவி ஓடிக்கொண்டிருந்தது. மஞ்சள் கோட்டு எதையோ கேட்டுவிட்டுக் காதில் கை வைத்திருந்தான்.

"பெரிம்மா, அல்லாம் வந்துச்சி. இப்ப ஒண்ணுமே ஒட்டல. அப்புறம் ஏன் அப்பா இருமுது?" என்றாள் சோனியா.

அவன் சபாஷ் சொல்வதற்குள் கன்னியம்மா டிவியை அணைத்தார்.

வாசலில் சைக்கிள் நின்றது. மோசஸ். "யக்கா, ஒரே நாள்னு சொல்லி எட்த்துக்கினு போனியே, அந்தக் காந்தம்?"

கன்னியம்மா திரும்பிப் பார்த்தார். சோனியா அதைப் பாவாடைக்குள் சுருட்டிக்கொண்டாள்.

"நாளைக்கு நைனா" என்றார் கன்னியம்மா.