சுற்றிய முட்டை

அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து தம்பிப் பாப்பாவோடு வருவாள் என்று சொல்லியிருந்தார்கள். தனியாகத்தான் வந்தாள். பாப்பா சாமிகிட்ட போய்விட்டான் என்றாள் அத்தை. எனக்கு எட்டு வயது. போனவன் வராமலா இருப்பான் என்று விட்டுவிட்டேன்.

பொழிச்சலூரில் எங்கள் மொட்டைமாடியை உரசுகிற மாதிரி விமானம் போகும். அந்தச் சத்தத்துக்குக்கூட அம்மா நிமிரவில்லை. "பாப்பாவைப் பத்திப் பேசாதடா. வேற ஏதாவது சொல்லி அம்மாவ சிரிக்க வை" என்றார் அப்பா. இவ்வளவு பெரிய வேலையை என்னிடம் கொடுத்துவிட்டாரே என்று பெருமையாக இருந்தது. பயமாகவும் இருந்தது.

என் கையில் இருந்த ஒரே வித்தை, சயின்ஸ் மிஸ் காட்டிய நிலைமம். அவித்த முட்டையைச் சுழற்றி, விரலால் அழுத்தினால் நின்றுவிடும். பச்சை முட்டை அப்படி இல்லை. விரலை எடுத்ததும் திரும்பச் சுற்றும். ஓடு நின்றாலும் உள்ளே இருப்பது நிற்காது. அம்மாவுக்கு உடம்பு தேற அத்தை அவித்துவைத்த முட்டைகளோடு பச்சை முட்டைகளையும் எடுத்து ஒத்திகை பார்த்தேன். முடிந்ததும் பொறுப்பாக எல்லாவற்றையும் ஒரே தட்டில் அடுக்கிவிட்டேன்.

சாயங்காலம் அப்பா ஆம்லெட் போட ஒரு முட்டையைக் கரண்டியால் தட்டினார். இன்னும் தட்டினார். "என்னக்கா, உள்ள சிமென்ட்டா?" என்றார். அத்தை என்னைத்தான் பார்த்தாள்.

"எது எதுன்னு நானே கண்டுபிடிச்சுத் தரேன்" என்று தட்டைத் தூக்கிக்கொண்டு, சாப்பாட்டு மேசையில் தலை சாய்த்திருந்த அம்மாவிடம் போனேன். முதல் மூன்றும் அவித்தவை. நான்காவது, விரலை எடுத்ததும் மெல்லத் திரும்பிச் சுற்றியது.

"பாத்தியாம்மா? உள்ள இன்னும் நிக்கல."

அம்மா நிமிர்ந்தாள். "இன்னொரு தடவ சுத்து" என்றாள். வீட்டுக்கு வந்ததிலிருந்து அவளாகக் கேட்ட முதல் விஷயம் அதுதான். சந்தோஷத்தில் பலமாகச் சுழற்றினேன். அம்மா விரலை வைத்தாள். முட்டை நின்றது.

"விரல எடும்மா, அப்பதான் சுத்தும்."

அவள் எடுக்கவில்லை. மற்றக் கையையும் கொண்டுவந்து முட்டையை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அத்தை ஓடிவந்து அவளைப் பிடித்துக்கொண்டாள். சிரிக்க வைக்கச் சொன்னால் அழ வைத்துவிட்டேனே என்று எனக்கும் அழுகை வந்தது. சோதனை பாழானதால்தான் அம்மா அழுகிறாள் என்று நினைத்தேன்.

"அழாதம்மா, இது போனா போகுது. வேற எடுத்துக்கலாம்" என்று சமாதானம் சொன்னேன்.