பழைய கர்னல்

எண்பதுகளின் கடைசியில், சூரமங்கலத்தில் ஒரு நூல் மில்லின் கம்ப்யூட்டரில் ஞாயிறுதோறும் நானும் பூங்கொடியும் கர்னல் புரோகிராமிங் பழகினோம். கம்ப்யூட்டர் முழுவதையும் இயக்கும் அடிப்படைப் புரோகிராம்தான் கர்னல். ஒரு ஞாயிறு, பிரிண்டருக்காக நான் எழுதிய சிறு பகுதியை அதில் சேர்த்து, புதிய கர்னலைப் பழையதன் மேலேயே பதிந்தேன். கம்ப்யூட்டர் கிளம்பவில்லை. திங்கள் காலை மில் வேலைக்கு அது வேண்டும். ஓடாவிட்டால் இனி எங்களை உள்ளே விடமாட்டார்கள்.

"பழசை வேற பேர்ல காப்பி எடுத்து வெச்சிருக்கறனுங்க," என்றாள் பூங்கொடி.

"எப்போ?"

"நீங்க டீ குடிக்கப் போனப்பங்க. நான் எழுதுனதுக்கும் இப்படித்தானுங்க வெப்பேன்."

அந்தப் பெயரைத் தட்டினாள். கம்ப்யூட்டர் கிளம்பியது.

எதையும் பலமுறை சரிபார்த்தே செய்யும் அவளை அதுவரை பயந்தாங்கொள்ளி என்றே நினைத்திருந்தேன். அந்தப் பயம் எனக்கும் வந்த பிறகுதான் கர்னல் எழுத வந்தது.