சவுக்கு எடுத்த கை

ஆலங்குடிப் பக்கத்தில் எங்கள் ஊர் மாதா கோயிலில், பெரிய வெள்ளியன்று பாடுகளின் நாடகம் நடக்கும். இயேசுவைச் சவுக்கால் அடிக்கும் சேவகன் வேடம் வருடாவருடம் எனக்குத்தான். இந்த முறை கூட்டத்தைக் கண்டதும் உற்சாகம் தலைக்கேறி, கயிற்றை வேண்டிய மட்டும் சுழற்றி, கொஞ்சம் நக்கலும் சேர்த்துவிட்டேன்.

மறுநாள் காலை வலது கை மேலே எழவில்லை. ஆண்டவரை அடித்த கையை ஆண்டவரே முடக்கிவிட்டார் என்று எனக்கு வேர்த்துக் கொட்டியது.

"டாக்டர்ட்ட போங்க" என்றாள் மனைவி.

"இது டாக்டர் கேஸ் இல்லடி, பாவசங்கீர்த்தன கேஸ்!"

இடது கையால் பொத்தானைக் கோணல்மாணலாகப் போட்டுக்கொண்டு, சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கக் கோயிலுக்கு ஓடினேன். வாசலில், இயேசுவாக நடித்த என் மைத்துனன் ஆரோக்கியம் தோளில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"மாப்ள, ஏசுவ அடிச்ச கை வெளங்காமப் போச்சுடா. எல்லாம் நான் பண்ணுன பாவம்!"

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "அப்ப எனக்கு, மச்சான்? சிலுவ சொமந்த தோளு வீங்கிக் கெடக்கு. நா யார அடிச்சேன்?"

குனிந்து அவன் தோளைப் பார்த்தேன்; கன்றிச் சிவந்திருந்தது.

"நெசமான ஏசு மட்டும் பாவம் பண்ணியா பாடுபட்டாரு? இந்த வயசுல கயித்த அம்புட்டு வேகமா சொழட்டுனா சுளுக்காதா? இங்கிட்டு வாங்க."

என் தோளிலும் தைலத்தைத் தேய்த்துவிட்டான். நன்றாக எரிந்தது.

பாவமே செய்யாதவர் அடி வாங்குவதை, வருடாவருடம் மிக அருகில் நின்று பார்த்தவன் நான். அடிக்கிற மும்முரத்தில் அவர் முகத்தைக் கவனிக்கவே இல்லை.