"தெரியலையே" என்று சொன்ன தேன்மொழி அக்கா

இன்று மாலை கரியாஹாட் மார்க்கெட் வாசலில் தேன்மொழி அக்காவின் ரசிகன் ஆகிவிட்டேன்!

இலங்கையில் சண்டை நடக்கும் இடத்துக்கு நிருபர்களை விடச் சொல்லி, நம் பெங்கால் தமிழ்க் குழு அங்கே கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தது. முரளி அண்ணா ஒரு படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு எடுத்து வந்தார். இடிந்த கட்டடம், வரிசையாகப் பிணங்கள். நேற்று எல்லோருக்கும் மெயிலில் வந்த அதே படம்.

"இது எந்த ஊருண்ணா? எப்ப எடுத்தது?" என்று அக்கா கேட்டார்.

"அதெல்லாம் யாருக்குத் தெரியும்? யார் செஞ்சதுன்னு பாத்தாலே தெரியலையா?"

"தெரியலையே. தெரியுற வரைக்கும் மாட்ட வேணாம்."

"நீயெல்லாம் தமிழச்சியா?" என்று கத்திவிட்டார் அண்ணா.

அக்காவின் சித்தி குடும்பம் அந்தச் சண்டைக்கு நடுவில்தான் சிக்கியிருக்கிறது. போன் வந்து ரொம்ப நாளாகிறது.

ஆனாலும் அக்கா சொன்னார்: "இது வேற எங்கயோ எடுத்த படம்னு நாளைக்கு ஒருத்தன் காட்டிட்டா, எங்க சித்தியே வந்து நெஜத்தைச் சொன்னாலும் யாருண்ணா நம்புவா?"

அண்ணா படத்தைச் சுருட்டினார். "அப்ப நான் எதைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறது?"

"பேனாவைப் பிடிங்க."

மீன் பையோடு போன ஒரு பெங்காலி தாதா (இங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) நின்று, இலங்கையில் என்ன நடந்தது என்று கேட்டார்.

"தெரியாது தாதா. அதைத் தெரிஞ்சுக்கத்தான் கேக்குறோம்" என்று அக்கா பெங்காலியில் சொன்னார். தாதா பையைக் கீழே வைத்தார். முரளி அண்ணா பேனாவை நீட்டினார்.

நெட்டில் எல்லாம் தெரிந்த நண்பர்களே, "எனக்குத் தெரியாது" என்று கடைசியாக எப்போது டைப் செய்தீர்கள்? எனக்கு இதுதான் முதல் தடவை.