கஞ்சிப்பாசியும் என் கழுத்தும்

மண்டபத்துக்கு நான் வந்தது மூன்று நாள் தங்கத்தான். அதற்கு முன் திருப்பூரில் துணி மடித்தேன், கொச்சியில் இறால் உரித்தேன், நாக்பூர் வரை லாரி கிளீனராகப் போனேன். இங்கே கடல்பாசி வளர்க்கும் பெண்கள் குழுவில் ஓர் ஆள் குறைந்தது, ஆணானாலும் பரவாயில்லை என்று சேர்த்துக்கொண்டார்கள். கயிறு நெடுகப் பாசித் துண்டுகளை முடிச்சுப் போட்டு, மூங்கில் மிதவையில் கட்டிக் கடலில் விட வேண்டும். முதன்முறையாக ஒரு வேலை எனக்குப் பிடித்துப்போனது.

அந்த நேரம் பார்த்து உடம்பு பறக்க ஆரம்பித்தது. உட்கார்ந்திருந்தாலும் ஓடுகிற மாதிரி நெஞ்சு அடித்தது. நாலு ஆள் சோறு தின்றேன், இளைத்தேன். விடிந்ததும் பாம்பன் பாலம் வரை சும்மா நடந்துபோய் வந்தேன், அதுவும் பத்தவில்லை. எல்லாம் சிரிப்பாக இருந்தது. கை மட்டும் நடுங்கியது. நான் போட்ட முடிச்செல்லாம் அவிழ்ந்து, பாசி கடலோடு போனது.

குழுவை நடத்தும் அக்கா என் கழுத்தைப் பார்த்தார். "ஏலே, வீங்கியிருக்கு. தைராய்டு. அயோடின் பத்தல. நம்ம பாசியில அது கொட்டிக் கெடக்கு." அன்றிலிருந்து காலையும் மாலையும் நாங்கள் வளர்க்கும் கஞ்சிப்பாசியைக் காய்ச்சி, கருப்பட்டி போட்டுக் கொடுத்தார். ருசியாக இருந்தது, இரண்டு சொம்பு குடித்தேன். பத்து நாளில் கயிற்றைப் பிடிக்கவே முடியவில்லை.

"ஒரு மாசம் பாக்குறேன் தம்பி. முடிச்சு நிக்கலைன்னா வேற ஆளத்தான் போடணும்" என்றார் வருத்தமாக, இன்னொரு சொம்பை நீட்டியபடி.

ராமநாதபுரத்தில் ரத்தம் பார்த்த டாக்டரம்மா, நான் குடிப்பதைக் கேட்டுப் பேனாவைக் கீழே வைத்தார். "ஏற்கெனவே தறிகெட்டு ஓடுற சுரப்பிக்கு ரெண்டு வேளையும் விறகு வச்சிருக்கீங்க."

ஏன் ஓடுகிறது என்றேன். ஒரு குழாய் வரைந்தார். "ரத்தத்துல காவல் அணுக்கள் உருண்டு போகும். சுரப்பிகிட்ட வர்றப்ப குழாய்ச் சுவர்ல கொக்கி மாதிரி ஒண்ணு நீட்டிக்கிட்டு இருக்கும். ஒட்டு மூலக்கூறுன்னு பேரு. அதுல மாட்டி நின்னு, சந்து வழியா உள்ள போயிடும். போயி, உங்க சுரப்பியையே அந்நியம்னு நெனச்சு ஒரு எதிர்ப்புப் பொருள உண்டாக்கும். அதுதான் சுரப்பிய விரட்டுது."

எட்டாவது தாண்டாத எனக்குப் பளிச்சென்று விளங்கியது. மிதந்து வரும் கொட்டலசு என்ற சிறு கடலுயிரின் குஞ்சு எங்கள் மூங்கிலில் ஒட்டியதும் ஓடு கட்டிக் குடும்பம் நடத்துகிறதே, அதுதான். எந்த ஊரிலும் ஒட்டாதவன் ரத்தத்துக்குள் இப்படி ஓர் ஏற்பாடா என்று சிரித்தேன்.

"இந்தச் சிரிப்பும் சீக்குதானா டாக்டரம்மா?"

"கொஞ்சம்" என்றார். "ஒன்றரை வருஷம் மாத்திரை. அடிக்கடி ரத்தம் பாக்கணும். ஊர் ஊராப் போகாதீங்க."

அக்காவிடம் சொன்னேன். "நானே தீ மூட்டியிருக்கேன்" என்று, காய்ச்சி வைத்திருந்ததைத் தானே குடித்து முடித்தார்.

மாத்திரையில் நடுக்கம் முதலில் அடங்கியது. மாதக் கடைசியில் ஒரு கயிறு முழுக்கக் கட்டி நீட்டினேன். அக்கா ஒவ்வொரு முடிச்சையும் இழுத்துப் பார்த்தார்.

"ஏலே, இப்புடி இறுக்குனா பாசி எங்கன வளரும்? கொஞ்சம் எளக்கிட்டு, மிதவையத் தள்ளு."