கண்ணாடி தேய்த்தவர் கதையைக் கேட்கப் போனது

எனக்கு அஞ்சாம் வகுப்பு வரைதான் படிப்பு. எழுதினால் கோணலாக வரும். நடந்ததில் பாதி மறந்தும் போயிற்று. படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பயணம் என்றால் எல்லோரும் காசி, பத்ரிநாத் என்று எழுதுகிறார்கள். நான் சாலவாக்கத்திலிருந்து உத்திரமேரூர் வரைதான் போய் வந்தேன். எட்டு மைல் இருக்கும். எண்பதாம் வருஷமோ அதற்கு அடுத்ததோ, மாசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை.

போன காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். என் மகன் ஏழுமலை காஞ்சிபுரத்தில் ஓர் அச்சாபீசில் எழுத்துக் கோர்க்கிற வேலையில் இருந்தான். அதற்கு இரண்டு வருஷம் முன்பு, எங்கள் ஊர் அம்மன் தீமிதிக்கு வீட்டு முறைப்படி அவன் காப்புக் கட்ட வேண்டும். மாட்டேன் என்றான். அம்மன் கோபித்துக்கொள்ளும் என்றார்கள். "கோவம் மன்சனுக்குத்தான் வரும், சாமிக்கு ஏது?" என்று ஊர் நடுவில் கேட்டுவிட்டான். அந்த வருஷம் பார்த்து ஏரி நிரம்பவில்லை. பழி இவன் தலையில் விழுந்தது. இவன் படியேறுகிற வீட்டோடு யாரும் கொடுக்கல் வாங்கல் வைக்கக்கூடாது என்று ஊர் கட்டுப்பாடு போட்டது. என் வீட்டுக்காரரும் அவன் பெயரை எடுக்கக்கூடாது என்றுவிட்டார்.

இப்போது என் மகள் அலமேலுவின் குழந்தைக்குக் காது குத்து வந்தது. தாய்மாமன் மடியில்தான் குழந்தை உட்கார வேண்டும். அவளுக்கு ஏழுமலையை விட்டால் வேறு உடன்பிறந்தான் கிடையாது. ஊர்ப் பெரியவர்களும் கொஞ்சம் இறங்கி வந்திருந்தார்கள். அவன் கோயில் வாசலில் நின்று திருநீறு வாங்கிக்கொண்டால் போதும், எல்லாம் தீர்ந்தது. "நீ கேட்டா அண்ணன் தட்டாதுமா" என்று அலமேலு அழுதாள். உத்திரமேரூர் படிப்பகத்தில் அவன் பேச வருவதாகவும் அவள்தான் விசாரித்துச் சொன்னாள்.

பகல் இரண்டு மணிக்கு டவுன் பஸ். கண் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

"இன்னா ஆயா, ஏறு ஏறு. நீ ரோசன பண்ணி முடிக்கறதுக்குள்ள பஸ்ஸு போயி திரும்பியே வந்துடும்" என்றார் கண்டக்டர். டிக்கெட் அறுபது காசு.

பக்கத்தில் கத்தரிக்காய்க் கூடையோடு ஒரு அம்மாள். எங்கே போகிறாய் என்று கேட்டாள். அவளிடமும் கண் ஆஸ்பத்திரி என்றேன்.

"ஞாயித்துக்கெயம எந்த டாக்டரு உனக்காகக் குந்திகினு கீறான்?" என்றாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் சிரித்தாள். "சொந்தக்காரங்க வூட்டுக்குப் போறேன்னு சொல்லேன், நானு இன்னா போலீசா?"

ஞாயிற்றுக்கிழமை என்பது என் வீட்டுக்காரருக்குத் தோன்றவில்லையா, தெரிந்தே விட்டாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

மூன்று மணிக்கு உத்திரமேரூர். அன்றைக்கு அந்த ஊர்ப் பெரிய ஏரியில் தண்ணீர் நன்றாக நின்றது. படிப்பகம் பஸ் நிற்கிற இடத்திலிருந்து கால் மைல் நடை. நாலு மணிக்குப் பேச்சு. இருபது பேர் இருந்திருப்பார்கள், பெண் நான் ஒருத்திதான். வாசற்படி ஓரமாக நின்றுகொண்டேன். என்னைப் பார்த்ததும் ஏழுமலைக்குப் பேச்சு நின்றது. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி தொடங்கினான்.

எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன். ஒரு பெரியவரைப் பற்றிப் பேசினான், முந்நூறு வருஷத்துக்கு முன் ஹாலந்து தேசத்தில் இருந்தவராம். யூதர். பெயர் என் வாயில் நுழையவில்லை. சாமி என்பது எங்கோ உட்கார்ந்து கோபிக்கிற, வரம் கொடுக்கிற ஆள் இல்லை, இருப்பதெல்லாம் சேர்ந்த ஒன்றுதான் சாமி, மண்ணும் நீரும் நாமும் அதற்குள்தான் என்றாராம். மதகைத் திறந்தால் ஏரித்தண்ணீர் பள்ளத்துக்குத்தான் பாயும், யார் வேண்டிக்கொண்டாலும் மேட்டில் ஏறாது, அதில் கோபமும் இல்லை தயவும் இல்லை என்று ஏழுமலை விளக்கினான். நமக்கு ஒரு கோபம் வந்தால் அது எதனால் வந்தது என்று பார்த்தாலே பாதி இறங்கிவிடுமாம்.

அவரைச் சொந்த ஜனங்களே சின்ன வயதில் தள்ளிவைத்தார்கள். யாரும் அவரோடு பேசக்கூடாது. ஒரே கூரையின் கீழ் இருக்கக்கூடாது. நாலு முழத்துக்குள் நெருங்கக்கூடாது. வாசற்படிக்கும் அவன் நின்ற மேசைக்கும் பத்து முழமாவது இருக்கும் என்று என் மனம் அளந்து பார்த்தது.

தள்ளிவைக்கும் முன் அவருக்கு ஒரு வழி சொன்னார்களாம். வருஷா வருஷம் பணம் தருகிறோம், கோயிலுக்கு வந்து முகத்தை மட்டும் காட்டிவிட்டுப் போ. நம்பு என்றுகூடச் சொல்லவில்லை, வந்து நில் என்றுதான் சொன்னார்கள். அவர் மாட்டேன் என்றுவிட்டார். பிறகு வாடகை அறையில் கண்ணாடி வில்லை தேய்த்துப் பிழைத்தார். நெஞ்சு நோயில் நாற்பத்துநாலு வயதில் போய்ச்சேர்ந்தார்.

முகத்தை மட்டும் காட்டு. பஸ்ஸில் வழியெல்லாம் நான் மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்ததும் அதே வார்த்தைதான்.

கேள்வி கேட்கலாம் என்றார்கள். அவருக்குக் கல்யாணம் ஆயிற்றா என்று ஒருவர் கேட்டார். இல்லை என்றான். "அதான் நிம்மதியா ரோசிச்சிகினு இருந்துகீறாரு" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வர, எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் ஒரு கேள்வி இருந்தது. வாய் வரவில்லை.

ஆறு மணிக்கு பஸ்ஸுக்குக் காத்திருந்தோம். டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தான். இளைத்திருந்தான்.

"இன்னாத்துக்கும்மா வந்த?"

"சும்மா, பாக்கலாம்னு."

"நீ சும்மா வர்ற ஆளா? பாப்பாவுக்குக் காது குத்தறாங்க. எனுக்குத் தெரியும்."

அவன் முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டேன். திருநீறு வாங்கிக்கொண்டால் போதுமாம் என்று.

டீ கிளாஸைக் கடையில் வைத்துவிட்டு வந்தான். பிறகு சொன்னான். "மடி தரேம்மா. எங்க வேணும்னாலும் வந்து குந்தறேன். துன்னூறு மட்டும் கேக்காத. பொய்யா பூசிகினு வந்தா, பாப்பாவப் பொய்யி மேல குந்த வெச்ச மாரி."

"உங்க நைனாகிட்ட இன்னாடா சொல்றது?"

"கண்ணாஸ்பத்திரி லீவுன்னு சொல்லு."

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பஸ்ஸும் வந்துவிட்டது.

பங்குனியில் காது குத்தினார்கள். பங்காளி வீட்டுப் பையன் ஒருவன் மடியில் உட்காரவைத்தார்கள். அவன் யாரென்று குழந்தைக்குத் தெரியாது. நழுவி நழுவி இறங்கிக்கொண்டே இருந்தது, இரண்டு பேர் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. மடி தருகிறேன், எங்கே வேண்டுமானாலும் வருகிறேன் என்றுதானே ஏழுமலை சொன்னான். குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிக் காஞ்சிபுரம் போய் அவன் மடியில் வைத்தே குத்தியிருந்தால் யார் என்ன செய்திருப்பார்கள்? அது எனக்குத் தோன்றியபோது காது இரண்டும் ஆறிவிட்டது.

தூரமும் டிக்கெட் விலையும் சரிதானா என்று தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். அந்தக் கண்ணாடிக்காரர் கதையிலும் நான் தப்பாகச் சொல்லியிருப்பேன். படித்தவர்கள் புத்தகத்தில் இன்னொன்றும் பார்த்துச் சொன்னால் நன்றாயிருக்கும். அன்று நான் கேட்காமல் விட்டது. அவரைத் தள்ளிவைத்தபோது அவருக்கு அம்மா இருந்தாளா? இருந்திருந்தால், எப்போதாவது போய்ப் பார்த்தாளா?