ஏறும் என்பதால் ஏறிய விலை

கானாவில் நான் சாப்பிடும் கடையின் பலகையில் உணவின் பெயரெல்லாம் பெயின்ட்டில் இருக்கும், விலை மட்டும் சாக்பீஸில். வந்த புதிதில் என் சந்தேகப் புத்தி விழித்துக்கொண்டது. அயலூர்க்காரனுக்குத் தனி விலையோ என்று பக்கத்து மேசைக்காரர் கொடுக்கும் நோட்டை ஓரக்கண்ணால் பார்ப்பேன். அவருக்கும் அதே விலைதான். எல்லோருக்கும் சமமாக ஏறிக்கொண்டிருந்தது.

ஆழ்துளைக் கிணறு தோண்டும் திருச்செங்கோட்டுப் போர் வண்டியோடு கடல் தாண்டி வந்தவன் நான். என் மாமனார் நாமக்கல்லில் கோழிப்பண்ணை வைத்திருக்கிறார். முட்டை விலை ஏறப்போகிறது என்று யாராவது சொன்னால் போதும், அவரும் அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்களும் லோடு ஏற்றாமல் நிறுத்திவிடுவார்கள். சந்தையில் முட்டை குறையும், விலை ஏறும். "பாத்தீங்களா மாப்ள, நாஞ் சொல்லலீங்களா?" என்பார். நானும் அவரை ஞானி என்று வாய்பிளந்து பார்ப்பேன். ஏற்றியதே அவர்கள்தான் என்று விளங்க எனக்கு ஆப்பிரிக்கா தேவைப்பட்டது.

கடைக்கார அம்மா அகோசுவாவுக்குக் கடையின் பின்னால் போர் போட வேண்டும். தண்ணீரை விலைக்கு வாங்கிச் சமைத்தால் கடையை மூட வேண்டியதுதான். கம்பெனி சார்பில் விலை பேசுவது என் வேலை; டீசல் ஏறும் என்று சொல்லி அடிக்குக் கொஞ்சம் கூட்டிக் கேட்டேன். மறுநாள் பலகையில் சோறும் ஏறியிருந்தது. ஏன் என்றேன். "டீசல் ஏறும்னு நீதானே சொன்னே?" டீசல் அசையவே இல்லை.

அன்றைக்கு ரேடியோவில், மத்திய வங்கி வட்டியைக் கூட்டியிருக்கிறது, விலைவாசி தணியும் என்றார்கள். நான் நிபுணர் தோரணையில், கடன் குறையும், வாங்கும் வேகம் குறையும், அதனால் சோற்று விலையை இறக்கலாம் என்று விளக்கினேன். அகோசுவா கரண்டியைக் கீழே வைத்தார்.

"சம்பளம் வந்த அன்னிக்கே ரூபாயா மாத்தி ஊருக்கு அனுப்பிடறே. எங்க பணத்தை ஒருநாள்கூட நம்பாதவன் நீ. ரேடியோவை நான் எதுக்கு நம்பணும்?"

சிரித்து மழுப்பப் பார்த்தேன், நடக்கவில்லை. கடைசியில் உடன்படிக்கை ஆயிற்று: இந்த மாதச் சம்பளத்தை உள்ளூர்ப் பணமாகவே நான் வைத்திருக்க வேண்டும். அப்படி வைத்திருக்கும்வரை அவர் சோற்று விலையை ஏற்றமாட்டார், நான் போரைப் பழைய விலைக்கே போடுவேன். என் போனில் வங்கி இருப்பைக் காட்டினால்தான் தினமும் தட்டு வரும். நானும் சும்மா விடவில்லை, பலகையைப் பார்த்த பிறகே காட்டினேன்.

வண்டி வந்து துளையிடத் தொடங்கிய அன்று ஊரிலிருந்து மனைவி கூப்பிட்டாள்.

"ஏனுங்க, இந்த மாசம் பணம் வரலீங்களே. அங்க வேற ஊடு கீடு பாத்துட்டீங்களா?"

"இல்ல கண்ணு, விலைவாசியக் கட்டுப்படுத்திக்கிட்டு இருக்கறேன்."

"யாரோட சேர்ந்துங்க?"

போர் வண்டிச் சத்தத்தில் கேட்காதவன்போல் இருந்துவிட்டேன். அவளுக்கு எப்படிப் புரியவைப்பது? என் சம்பளம் இந்த ஊரில் குடியேறிவிட்டது. நான்தான் இன்னும் வந்து சேரவில்லை.